மேலே இருந்து தெரியாத சந்து

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு தீவு. கடலுக்கு நடுவே, தேய்ந்த செருப்பு மாதிரி. மொத்தம் பதினொரு கூரை, ஒரு கால்பந்து மைதானம். பதினொரு வீட்டில் யார் யாரோடு ஆடுவார்கள்? செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோல் கம்பத்தின் நிழல்கூடத் தெரிகிறது.

வீட்டுக்காரர் பேருந்து ஓட்டிவிட்டு வந்தார். சட்டையைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்கு எந்த நாட்டுக்குப் போயிட்டு வந்தே?" என்றார். கேலி. பண்ணட்டும். பதினேழு வருஷம் தபால் பையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தவள் நான். முழங்கால் தேய்ந்த பிறகு கடிதம் பிரிக்கிற மேசையில் உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். கால்தான் உட்கார்ந்தது. கண்ணாவது நடக்கட்டுமே.

மார்ச் 6, வியாழன்

சந்து வழியை அடைத்துவிட்டார்கள்.

காலையில் அக்காவுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு போனால், சந்து முனையில் இரும்புக் கேட், முஷ்டி அளவு பூட்டு. அந்தப் பக்கம், சந்தை ஒட்டியுள்ள கிடங்கின் காவலாளி.

"முதலாளி ஆர்டரும்மா. இது எங்க எடம்."

"எப்பலேர்ந்து?"

"காலைலேர்ந்து."

சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. அக்கா பின்தெருவில் தனியாக இருக்கிறாள். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். மூன்று வேளையும் நான்தான் போய்ச் சாப்பாடு, மாத்திரை, துணி மாற்றுவது எல்லாம். சந்து வழியாக ஆறு நிமிஷம். அது இல்லையென்றால் மெயின் ரோடு, ரயில்வே மேம்பாலம், அதன் படிகள் — என் காலுக்கு நாற்பது நிமிஷம். வீட்டுக்காரரை வண்டியில் கொண்டுபோய் விடச் சொல்லலாம் என்றால், அவர் விடியுமுன்பே டிப்போவுக்குப் போய்விடுகிறார்.

மார்ச் 7, வெள்ளி

இரண்டு தடவைதான் போக முடிந்தது. அக்கா மத்தியான மாத்திரை போடவில்லை.

மார்ச் 10, திங்கள்

அக்கா மகன் வெளியூரிலிருந்து பேசினான். அக்காவின் பக்கத்து வீட்டம்மா, மாத்திரை தவறியதைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"சித்தி, உங்களைக் குறை சொல்லல. உங்களால முடியல, அவ்வளவுதான். ஒரு நல்ல முதியோர் இல்லம் பாத்து வச்சிருக்கேன். மாசக் கடைசில வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

"மூணு வேளையும் நான் போனா?"

"போனா சரி. எங்க போறீங்க?"

கேட்டது நியாயம். அதுதான் இன்னும் ஆத்திரம்.

அக்காவிடம் சொன்னேன். அவள் வாயைக் கோணிக்கொண்டு, நேரம் எடுத்து, "போ... மாட்டேன்" என்றாள். இடது கையால் கட்டிலை ஒரு தட்டுத் தட்டினாள். எனக்கு அது போதும். நேராக நகர அலுவலகத்துக்குப் போய் மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை விசாரணை.

கிடங்குக்காரர்கள் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம்: அங்கே எந்தக் காலத்திலும் பாதையே கிடையாது, மரம்தான் இருக்கிறது என்று. அப்படியென்றால் நான் பதினேழு வருஷம் மரத்து மேலேயா தாவிப் போனேன்?

மார்ச் 12, புதன்

கிடைத்துவிட்டது! கிடங்குச் சுவரை ஒட்டி, இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெருவரைக்கும் நேர்க்கோடாக, வெளிறிய கோடு. மூன்று வருஷத்துக்கு முந்தைய செயற்கைக்கோள் படம். பெரிதாக அச்செடுத்தாயிற்று. வரட்டும் வெள்ளிக்கிழமை. பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

படத்தை மேசை மேல் விரித்தேன். ஜலதோஷத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த அதிகாரி அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். கிடங்கு இன்ஜினியர் எழுந்து வந்தார். சின்ன வயசு, நல்ல இஸ்திரி.

"அம்மா, இது பாதை இல்ல. ரெண்டு படத்தை ஒட்டின கோடு. இங்க நிக்கிற லாரியப் பாருங்க — பாதிதான் இருக்கு. மீதி லாரி எங்க போச்சு? இந்தப் பக்கம் நிழல் இடது பக்கமா விழுது, அந்தப் பக்கம் வலது பக்கமா விழுது. ஒரு சூரியனுக்கு ரெண்டு நிழலா?"

எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரி அம்மாகூட, தும்மலுக்கு நடுவில்.

அவர் சொன்னது சரி. கடவுளே, அதுதான் தாங்க முடியவில்லை! இணையத்தில் படம் பார்க்கிற எங்கள் குழுவில் புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் பாடம் எடுப்பேன்: வேறு வேறு நாளில் எடுத்த படங்களை ஒட்டியிருப்பார்கள், ஒட்டுக்கோட்டைப் பார்த்து ரோடு என்று ஏமாறாதீர்கள், முதலில் நிழலைப் பாருங்கள். நானே பார்க்கவில்லை. பாதை வேண்டும் என்று பார்த்தேன், பாதை தெரிந்தது. முட்டாள். சுத்த முட்டாள்.

அதிகாரி அம்மா, "இருபத்தஞ்சாம் தேதி வரைக்கும் டைம் தர்றேன். வேற ஏதாவது இருந்தா கொண்டாங்க, இல்லேன்னா மனுவை முடிச்சுடுவேன்" என்றார்.

மார்ச் 15, சனி

அழுதேன். அழுது முடித்துவிட்டு மேம்பாலம் ஏறினேன். மூன்று தடவை. கால் வீங்கிப் பூசணிக்காய் ஆகிவிட்டது. ஆகட்டும். அக்காவுக்கு ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவில்லை.

மார்ச் 17, திங்கள்

பதினான்கு வெவ்வேறு தேதிப் படங்கள் பார்த்தாயிற்று. எல்லாவற்றிலும் சந்தின் மேல் மரம், மரம், மரம். இத்தனை நாள் நிழல் தந்தது என்று அந்த மரங்களை எவ்வளவு புகழ்ந்திருப்பேன்! இப்போது ஒவ்வொன்றாகப் பிடித்துத் திட்டுகிறேன்.

மார்ச் 19, புதன்

இலை உதிர்ந்த நாள் வேண்டும். இது இன்று மேசையில் உட்கார்ந்து கடிதம் பிரிக்கும்போது தோன்றியது. மேலே இருப்பவன் கண்ணுக்கு மரம்தான் தெரியும், மரம் மொட்டையாக இருந்தால்தான் கீழே இருப்பது தெரியும். சாயங்காலம் வந்ததும் குழுவில் கேட்டேன். ஒருவர், முகம் தெரியாதவர், 'பழைய விமானப் படங்கள் நகர ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இருக்கின்றன, யாரும் பார்ப்பதில்லை' என்று எழுதினார்.

பார்த்தேன். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய படம். மரங்கள் எல்லாம் குச்சி குச்சியாக நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே மெலிதாக, நடந்து நடந்து தேய்ந்த மண். நேர்க்கோடும் இல்லை, பெரிய மரம் வரும் இடத்தில் கொஞ்சம் வளைந்து போகிறது. எனக்குத் தெரியும் அந்த வளைவு, இருட்டிலும் போவேன். பக்கத்தில் கிடங்கே இல்லை! வெறும் பொட்டல்.

இந்த முறை அவசரப்படவில்லை. எல்லா நிழலும் ஒரே பக்கம். பாதி லாரி எதுவும் இல்லை. கோட்டின் இரண்டு பக்கமும் ஒரே நாள்.

பாதை நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. என் தபால் பை சிவப்புதான். நானா அது? தெரியாது. ஆசையாக இருக்கிறது. ஆனால் விசாரணையில் அதைப் பற்றி மூச்சு விடமாட்டேன். ஒரு தடவை ஆசைப்பட்டுப் பட்டது போதும்.

மார்ச் 21, வெள்ளி

அந்த இன்ஜினியர் எதையாவது சொல்வார். பழைய தடம், ஆடு மாடு போன தடம் என்பார். அதனால் போஸ்ட்மாஸ்டரிடம் போய் என் நடைவரிசை நோட்டைக் கேட்டேன். எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடு என்று, ஒருவர் லீவு போட்டால் மற்றவர் தடுமாறாமல் நடப்பதற்காக, நாங்கள் எழுதி வைப்பது. வருஷா வருஷம் புதுப்பித்து, பக்கத்துக்குப் பக்கம் தேதி முத்திரை குத்துவோம்.

"அதெல்லாம் ஆபீஸ் சொத்தும்மா, வெளிய தரக்கூடாது."

"என் முழங்காலும் ஆபீஸ் சொத்துதான் சார். அதை மட்டும் தேயவிடலாமா?"

முறைத்தார். பிறகு அவரே நகல் எடுத்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

மார்ச் 25, செவ்வாய்

இன்ஜினியர் படத்தை வெகுநேரம் பார்த்தார். நிழலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது ஏதோ ஒரு நாள் தெரிஞ்ச தடம். இதுல ஆளுங்க தினமும் போனாங்கன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

அதற்குத்தானே காத்திருந்தேன்! நோட்டு நகலை வைத்தேன். பதினேழு வருஷமும் ஒரே வரிசை: எங்கள் தெரு இருபத்திரண்டாம் எண், அதற்கு அடுத்ததே பின்தெரு மூன்றாம் எண்.

"இருபத்திரண்டுலேர்ந்து மூணுக்கு மேம்பாலம் வழியா நாற்பது நிமிஷம் சார். கனமான பையோட, தினமும், வழியில ஒரு வீட்டுக்கும் கடிதம் போடாம சும்மா சுத்திட்டுப் போவேனா? நான் கூரை மேல பறந்தேன்னு வேணா எழுதிக்குங்க."

அதிகாரி அம்மா முத்திரைத் தேதிகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். தும்மவில்லை. "உங்க கிடங்கு கட்டி எத்தனை வருஷம் ஆச்சு?" என்று இன்ஜினியரைக் கேட்டார். ஏழு என்றார் அவர், மெதுவாக.

மார்ச் 28, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. பொதுவழி. மூன்று நாளில் கேட்டை எடுக்க வேண்டும்.

மூன்று நாளெல்லாம் எதற்கு? உத்தரவைக் காவலாளி முகத்துக்கு நேரே பிடித்தேன். அவர் படித்துவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பூட்டைத் திறந்துவிட்டார். "எனக்கும் அந்தப் பக்கம்தாம்மா வீடு" என்றார்.

மார்ச் 31, திங்கள்

அக்கா மகன் வரவில்லை. போனில், "சரி சித்தி, ஒரு ஆறு மாசம் பாக்கலாம்" என்றான். ஆறு மாசமாம்! பிச்சை போடுகிறான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். பதினான்கு மாசத்துக்குப் பிறகு. வீட்டுக்காரர் வாசற்படிக்குப் பலகை போட்டிருந்தார்.

கணினிக்கு முன்னால் நிறுத்தச் சொன்னாள். "அவன்... வீடு" என்றாள், மகனைச் சொல்லி. வேண்டாமே என்று பார்த்தேன். கட்டிய நாளிலிருந்து அந்தக் கூரையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அவளிடம் சொன்னதில்லை. பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள். காட்டினேன். இரண்டு மனை அகலம். பின்னால் தோட்டம், தோட்டத்தில் தனியாக ஒரு சின்ன ஓட்டுக் கட்டடம், இரண்டு கார்.

அக்கா இடது கை விரலால் திரையில் கூரையின் நான்கு மூலையையும் தொட்டாள். இத்தனை இடத்தில் இவளுக்கு ஒரு அறைகூடவா இல்லை?

அப்புறம் போனைப் போட்டுத் தரச் சொன்னாள். அவன் எடுத்து, "சொல்லுங்க சித்தி" என்றான். அக்கா காதில் வைத்தேன். அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்தாள்.

"நான்... வரல. நீ... வா."

அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா போனை என்னிடம் நீட்டிவிட்டு, "பசிக்குது" என்றாள்.