கரைவலையிலை என்ரை இடம்

லண்டன்
ஆனி 20, 1975

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

சந்தியோகு எழுதிறன். நான் சுகமாய் இருக்கிறன். உங்கடை இருமல் குறைஞ்சுதோ? அம்மா கால் வீக்கத்துக்கு மருந்து எடுக்கிறாவோ? எழுத்து கோணலாய்க் கிடக்குதெண்டு யோசிக்காதேங்கோ. இடக்கையாலை எழுதிறன்.

போன கிழமை மட்சிலை பந்து போடேக்கை வலத் தோள்மூட்டு விலகிப்போச்சு. நோவிலை நான் கத்த, அவுட் கேக்கிறன் எண்டு நினைச்சு எங்கடை ஆக்கள் எல்லாரும் சேர்ந்து கத்தினவை. பிறகு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சம்.

இனிப் பந்து போட ஏலாது எண்டு டொக்டர் சொல்லிட்டார். மட்டை பிடிக்க என்னிலும் கெட்டிக்காரர் இருக்கினம். ரெண்டும் செய்வன் எண்டுதானே என்னை இலங்கை அணியிலை எடுத்தவை. அதாலை இனி ரேடியோவிலை என்ரை பேர் வராது. தலைமன்னார்ச் சனம் கேட்டால் ஓய்வு எண்டு சொல்லுங்கோ.

நான் வரேக்கை பாரைக் கருவாடு பொரிச்சு வைக்கச் சொல்லி அம்மாட்டைச் சொல்லுங்கோ. இங்கத்தைச் சாப்பாட்டிலை உப்பே இல்லை. தோளிலை பூச ஒரு போத்தல் வேப்பெண்ணெயும் எடுத்து வையுங்கோ. ஆரோடையும் தமிழ் கதைச்சுக் கனநாள் ஐயா.

இன்னொண்டு. விளையாட்டு முடிய நான் வந்து கரையிலை நிண்டு வலை இழுப்பன் எண்டு, கரைவலையிலை என்ரை இடத்தை ஒருத்தருக்கும் குடுக்காமல் வைச்சிருக்கிறியள். அதைத் தம்பி யாகப்பருக்குக் குடுங்கோ. கயிறு இழுக்கிறதும் அதே தோள்தானே.

கீழை எங்கடை ஆக்களின்ரை பஸ் வந்து நிக்குது. என்னைத்தான் கூப்பிடுகினம்.

உங்கடை மகன்,
சந்தியோகு