மூக்கைச் சுருக்கினால் கப்பலுக்குப் புரியாது

இட்டொக்கொர்த்தூர்மீத், கிழக்குக் கிரீன்லாந்து
நவம்பர் மாதம்

அன்பு மகன் சாலிக்குக்கு அம்மா பௌலினா சொல்லச் சொல்ல உன் தங்கை நுக்காக்கா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்குக் குறைவில்லை. நீயும் உலகத்தின் அந்தத் தென்கோடியில் கைவிரல் கால்விரல் எல்லாம் மரத்துப் போகாமல் இருக்கிறாய் என்று எழுதி வந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். சீல் தோல் சுரண்டும்போது கத்தி என் கட்டைவிரலில் ஆழமாக இறங்கிவிட்டது, பயப்படாதே, தையல் போட்டாயிற்று, அதனால்தான் இவளை உட்கார வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டாலும் இவள் கையெழுத்து என்னுடையதைவிட எவ்வளவோ மேல். இப்படி நான் சொல்வதை எழுத வெட்கப்பட்டுக்கொண்டு தலையைக் குனிந்திருக்கிறாள், நான் விடவில்லை.

மலைகளுக்கு நடுவே ஃபியோர்டில் கடல் உறைந்து இறுகத் தொடங்கிவிட்டது, சூரியன் மலைக்கு மேல் தலையைக் காட்டிவிட்டு உடனே இறங்கிவிடுகிறது. பெட்டை நாய் குட்டி போட்டிருக்கிறது, அதில் ஒன்று சறுக்குவண்டியில் உன் பழைய முன்னோடி நாய் மாதிரியே ஒரு காதை மடித்துக்கொண்டு திரிகிறது. பக்கத்து வீட்டு அஸ்ஸர் கஸ்தூரி எருது ஒன்று அடித்தான், ஒரு தொடை நமக்குக் கொடுத்தான். நீ அங்கே என்ன சாப்பிடுகிறாயோ, கப்பலில் பழமும் கேக்கும்தான் என்றாய், அதைத் தின்றுவிட்டு விருந்தாளிகளுக்கு வழி காட்டித் தண்ணீரில் உட்கார்ந்தால் உடம்பில் சூடு எப்படி நிற்கும். சட்டைக்கு உள்ளே கம்பளிதான் போட வேண்டும், அவர்கள் கொடுக்கும் மெல்லிய துணியை நம்பாதே.

இனி நான் போனில் சொல்லாத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். அப்பா சொல்ல வேண்டாம் என்றதால் இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கோடை முடிவில் வந்த கடைசிச் சுற்றுலாக் கப்பலுக்கு அப்பா துப்பாக்கியோடு காவலுக்குப் போனார், கரடி வந்தால் பார்த்துக்கொள்ளவும் வழி காட்டவும். நுக்காக்காவும் அவர் மோட்டார் படகில் கூடப் போனாள். முதல் நாள் கரடி குட்டிகளோடு நீந்திப் போனதைப் பார்த்து விருந்தாளிகளுக்கு ஒரே கொண்டாட்டம். மறுநாள் துடுப்பை எடுத்துக்கொண்டு சின்னக் கயாக் படகுகளில் இறங்கினார்கள். உள் ஃபியோர்டில் வாசல் மாதிரி ஓட்டை விழுந்த பெரிய பனிமலை ஒன்று தரை தட்டி நின்றது. கயாக்குகளுக்குத் தலைவியாக வந்த பெண் அந்த வளைவைக் காட்டி, உள்ளே புகுந்து போகலாமா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். அப்பா மூக்கைச் சுருக்கினார். அவ்வளவுதான். நம் ஊரில் மூக்கைச் சுருக்கினால் வேண்டாம் என்று கைக்குழந்தைக்கும் தெரியும், பதில் சொல்லியாகிவிட்டது என்று அப்பா திரும்பிப் பெட்ரோல் குழாயைப் பார்க்கப் போய்விட்டார். அவளோ வெயில் முகத்தில் அடிக்கக் கிழவர் கண்ணை இடுக்கிச் சிரிக்கிறார் என்று நினைத்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு எல்லோரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

வேற்றாள் முன்னால் இவள் வாயைத் திறக்க மாட்டாள் என்று உனக்குத் தெரியும், வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னதற்குத்தானே பள்ளிக்கூடத்தையே விட்டாள். அப்படிப்பட்ட நுக்காக்கா அப்பாவின் படகில் எழுந்து நின்று, "வேணாம்! போகாதீங்க! திரும்புங்க!" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். நம் பாஷைதான், ஆனாலும் அந்தக் குரலுக்கு எல்லோரும் துடுப்பைப் பின்னால் போட்டார்கள். அவர்கள் வெளியே வரவும் வளைவு உடைந்து விழவும் சரியாக இருந்தது. பனிமலை புரண்டு அலை எழும்பியதில் கடைசியாக வந்த கயாக் கவிழ்ந்தது, அதில் இருந்தவர்கள் வயதான கணவனும் மனைவியும். அப்பா இருவரையும் படகுக்குள் இழுத்துப் போட்டார். அந்த அம்மாளுக்குக் கை முறிந்தது, உயிருக்கு ஒன்றும் இல்லை. (இந்த இடத்தை எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், திட்டித்தான் எழுத வைத்தேன்.)

தலைவிப் பெண் கரையில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சிரிச்சீங்கன்னு நெனச்சேன், சரின்னு சொன்னீங்கன்னு நெனச்சேன்" என்று அழுதாள். யாரும் அப்பாவைக் குறை சொல்லவில்லை, கப்பல்காரர்கள் அடுத்த கோடைக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பாதான் பதிலே அனுப்பவில்லை. அஸ்ஸர் வீட்டுப் பிறந்தநாள் காப்பிக்குப் போயிருந்தபோது அவன் அப்பாவைப் பார்த்து, "என்ன யெரேமியாஸ், உன் மூக்கு பேசினது கப்பல்காரங்களுக்கு வெளங்கலையாமே, அடுத்த தடவை காதை ஆட்டிப் பாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், அஸ்ஸர் கெட்ட மனசோடு சொல்லவில்லை, ஆனால் அப்பா கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அன்றிலிருந்து படகுப் பக்கமே போகவில்லை, கரைக்கு இழுத்து வைத்ததும் அஸ்ஸர்தான்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், போன தடவை துறைமுகத்திலிருந்து கூப்பிட்டாயே, அப்போது நீ சொன்னது என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது. படத்துக்கு நன்றாக இருக்கும் என்று உன் கப்பலின் புதுத் தலைவர் கயாக்குகளைக் கடலில் உடைந்து விழும் பனிச்சுவரின் அடிவரைக்கும் கொண்டுபோகச் சொல்கிறார், பென்குயினும் சிறுத்தை சீலும் அங்கேதான் கிடக்கிறது என்றாய். கூடாது என்று அவரிடம் சொன்னாயா என்று கேட்டேன். போனில் சத்தமே இல்லை. லைன் போச்சு என்றாள் இவள். போகவில்லை, நீ மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. நீ இல்லை என்று மூக்கைச் சுருக்கினாயோ, ஆமாம் என்று புருவத்தைத் தூக்கினாயோ, நான் எப்படிக் கண்டேன். அப்புறம் நீ, "எல்லாம் சரியா இருக்கும்மா, சீசன் முடிஞ்சா என்னைத் தலைமை வழிகாட்டி ஆக்குறாங்க" என்று பேச்சை மாற்றினாய். நீ அப்படியே உன் அப்பா, மகனே. அந்தத் தலைவரிடமும் முகத்தால்தான் பதில் சொல்லியிருப்பாய், சொல்லியாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். இல்லையென்றால் பதவி வரும் நேரத்தில் எதற்கு என்று வாயை அடைத்துக்கொண்டிருப்பாய். இரண்டில் எது என்று தெரியாமல் நான் படுத்தால் தூக்கம் வரவில்லை, பனி உடையும் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

இன்று காலை அப்பாவிடம், நடந்ததை உனக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். வழக்கம்போல முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் வாயைத் திறந்து, "எழுது. மூஞ்சியைக் காட்டிட்டு வேலை முடிஞ்சதுன்னு திரும்பிடாதேன்னு எழுது. அவங்க காதுல விழுற வரைக்கும் சொல்லச் சொல்லு" என்றார். இத்தனை வார்த்தை அவர் ஒன்றாகப் பேசி எத்தனை நாளாயிற்று.

அதனால் இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் தலைவரிடம் நேரே போ. அவருடைய பாஷையில், எல்லோருக்கும் கேட்கும்படி, சுவருக்குக் கீழே போகக் கூடாது என்று சொல். கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். பதவி போனால் போகட்டும், அனுப்பிவிட்டால் வீட்டுக்கு வா, இறைச்சி இருக்கிறது, நாய்கள் இருக்கின்றன, அப்பாவின் படகு சும்மா கிடக்கிறது. உன்னை நம்பித் தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கும் வீட்டில் யாரோ காத்திருப்பார்கள்.

கடவுள் உன்னையும் உன் கயாக்குகளையும் பனிக்குத் தள்ளி வைக்கட்டும். நாளை ஹெலிகாப்டர் வருகிறது, ஊருக்குப் போகும் நர்ஸ் டென்மார்க்கில் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். காதை மூடும் தொப்பியை மறக்காதே. போனில் கூப்பிடாதே, எழுது. காகிதத்தில் முகம் தெரியாது, சொன்னேன் என்றோ சொல்லவில்லை என்றோ நீ எழுதித்தான் ஆக வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா பௌலினா