தூணோரத்துக் கோட்டு

பினாங்கு, 12-7-1926

அன்பு மனைவி சவுந்தரத்துக்கு,

தேவமாதா கிருபையால் நான் சுகம். உன் சுகமும் அம்மாவின் மூட்டுவலியும் அறிய ஆவல்.

இந்த ஊரில் எதுவும் வீணாவதில்லை. மண்ணெண்ணெய்த் தகரம் வாளியாகிறது. பழைய சாமான் சந்தையில் வாங்கிய கறுப்புக் கோட்டு என்னைக் குமாஸ்தாவாக்கியிருக்கிறது. நேற்று பூசைக்குப் போனபோது, கோயில் வாசலில் ஒரு பெண் பின்னாலிருந்து "ஏங்க!" என்று கூப்பிட்டாள். திரும்பினேன். என் முகத்தைப் பார்த்து அழுதுவிட்டாள். அக்கரையிலுள்ள பிறை என்ற ஊரில் காய்ச்சலில் இறந்துபோன அவள் கணவருடைய கோட்டாம். அடுப்பெரிய அவளே விற்றிருக்கிறாள்.

கழற்றி நீட்டினேன்.

"வேணாம்ண்ணே, வித்தது வித்ததுதான். ஆனா அவரு அந்தத் தூணோரமாத்தான் உக்காருவாரு. நீங்களும் அங்கேயே உக்காருங்க. திரும்பி மட்டும் பாத்துடாதீங்க."

உட்கார்ந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து அவள் பார்ப்பது தெரிந்தது. பூசை முடியும்வரை என் முதுகு என்னுடையதாக இல்லை. நீ கவலைப்படாதே, கோட்டு எனக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது.

யாராவது கப்பலேறினால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. பாத்திரக்காரி பழைய துணிக்குக் கிண்ணம் தருகிறேன் என்று வந்தால், என் சட்டைகளைப் போட்டுவிடாதே. ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும்.

தபால் கட்டுகிறார்கள், அவசரம்.

உன்
அருளப்பன்