டிப்போ பக்கத்து வீட்டுக்கு உன் கையெழுத்து

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சின்னவளும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன், அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறார், கண்ணைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன், பதறாமல் படி.

நகராட்சிக் கூட்டத்தில் படிக்கச் சொல்லி நீ அனுப்பிய ஆட்சேபணைக் கடிதம் வந்து சேர்ந்தது. ஊருக்கு வெளியே இனி வீடு கட்ட அனுமதி இல்லை, எது கட்டினாலும் பழைய பஸ் டிப்போவைச் சுற்றித்தான் என்று அவர்கள் முடிவெடுத்ததில் உனக்கு எவ்வளவு கோபம் என்று வரிக்கு வரி தெரிந்தது. ஊருக்கு வெளியே நம் வீட்டை ஒட்டிய மனையில் மாடி வீடு கட்ட நீ எத்தனை வருஷமாக ஆசைப்படுகிறாய், எனக்குத் தெரியாதா. ஆனால் டிப்போ பக்கம் இப்போது வந்து பார்த்தால் மூக்கில் விரல் வைப்பாய். கீழே கடைகள், மேலே குடியிருப்பு, எதிரே ஆஸ்பத்திரி, அதை ஒட்டி நூலகம், நடுவில் மரத்தடியில் பெஞ்சு, கார் உள்ளே வர முடியாது. நம் வீட்டையும் மனையையும் விட்டுக்கொடுத்தால் அங்கே இரண்டாம் மாடியில் லிஃப்டோடு ஒரு வீடு தருகிறார்கள். அப்பாவுக்கு அதைக் கேட்டதும் மூக்குக்கு மேல் கோபம், முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவன் வண்டி நிறுத்திய இடத்திலேயே போய்த் தூங்குவதா என்றார். பார்த்துவிட்டாவது வரலாம் என்று ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் கூட்டிப்போனேன். நான் பால் வாங்கப் போகும்போது அவரை மருந்துக்கடைக்கு அனுப்பினேன், நாலு வாசல்தான் தள்ளி. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா, நிறுத்தத்தில் நின்று பஸ் ஏறிவிட்டார். அவரிடம் தொழில் பழகிய டிரைவர்தான் அன்றைக்கு ஓட்டியவர், எங்கே போகிறீர்கள் அண்ணே என்று கேட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாராம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, விசாரித்து விசாரித்துத் திரும்பி வந்தார். நானும் நாள் முழுக்கக் கேலி செய்தேன். கடைப் பலகை அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, காலுக்குத் தெரிந்த இடம் அந்த நிறுத்தம் ஒன்றுதான் என்பது இந்தப் பாவிக்கு அன்று உறைக்கவில்லை.

கூட்டத்தில்தான் தெரிந்தது. அப்பா உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார், பிறகு என் பக்கம் நீட்டி எழுத்து ஓடுகிறது, நீ படி என்று காதோடு சொன்னார். காரில் ஏதோ கோளாறு என்று எட்டு மாதமாக எடுக்காமல் இருந்தது ஏன் என்று அந்த நிமிஷம் புரிந்தது. வாங்கி, உன் கடிதத்தை ஒரு எழுத்து விடாமல் படித்தேன், என் பெற்றோரும் அங்கேயே இருக்கத்தான் விரும்புகிறார்கள் என்று நீ முடித்திருந்த கடைசி வரி உட்பட. படித்து முடித்துவிட்டு, "இது என் மகன் எழுதினது. இதை எங்ககிட்ட யாரும் கேக்கல. அவருக்குக் கண்ணு தெரியல, எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எங்களுக்கு நடந்து போற தூரத்துல எல்லாம் வேணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பெற்ற பிள்ளையை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுத்துவிட்டேனே என்று வழியெல்லாம் அழுதேன். அப்பா வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அந்த மருந்துக்கடை எத்தனாவது வாசல் என்று கேட்டார்.

போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், மாதம் இரண்டு தடவை வர வேண்டும் என்கிறார் கண் டாக்டர். அவர் ஆஸ்பத்திரி அந்தப் புது வீட்டுக்கு நேர் எதிரே. அப்பா போன வாரமும் பக்கத்து வீட்டுக்காரரோடு அங்கே போய் லிஃப்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கும் பெஞ்சுக்கும் எத்தனை அடி என்று எண்ணிவிட்டு வந்திருக்கிறார். மருந்துக்கடைக்குப் போக இனிமேல் பஸ் ஏற மாட்டாராம்.

நீ திரும்பி வருவாய் என்று இந்தப் பெரிய வீட்டிலேயே காத்திருக்க எனக்கும் ஆசைதான் கண்ணா, ஆனால் முடியவில்லை. கோபம் இருந்தால் ஃபோனில் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். மருமகளை வேளைக்குச் சாப்பிடச் சொல், சின்னவளுக்கு எங்கள் முத்தம், மூவரும் நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் இருங்கள். வீடு உன் பெயரிலும் இருப்பதால் சம்மதப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன், இருபதாம் தேதிக்குள் நகராட்சிக்குப் போய்ச் சேர வேண்டும், மறந்துவிடாதே. அப்பா தன் கையெழுத்தைப் போட்டுவிட்டார். கோட்டின் மேல் என் விரலை வைத்துக் காட்டியும் ஏறி இறங்கிப் போயிருக்கிறது. அதற்குக் கீழே உள்ள கோடு உனக்கு.

உன் அம்மா