சாவியில் கட்டிய துணி

ஏனுங்க,

உங்களுக்கு ஏடிஎச்டி, கவனம் ஒரு எடத்துல நிக்காத கோளாறுன்னு டாக்டர் சொன்ன பொறவு, கம்பெனியில உங்ககூட வேலை பாக்குற அபிராமி உங்க வண்டிச் சாவியில ரண்டு பனியன் துணித் துண்டைக் கட்டி உட்டாளாமா. செகப்புன்னா மாத்திரை, பச்சைன்னா சோத்து டப்பா. இப்ப நீங்க ஒண்ணையும் மறக்கறதில்லை. நல்லதுதானுங்க.

இத்தனை வருசமா வாசல்ல நின்னு, எதையாச்சும் மறந்துட்டீங்களான்னு நானுந்தான் கேட்டேன். எம்மேல எரிஞ்சு உழுந்தீங்க. அவ கட்டுன துணியைத் தொட்டுப் பாத்துச் சிரிக்கறீங்க.

இந்தக் கடுதாசியை டப்பாவோட வெக்கறேன். அவ புண்ணியத்துல உங்க கைக்கு வந்துரும்.

இன்னிக்குச் சாவியில மூணாவதா ஒரு துண்டு நானும் கட்டியிருக்கறேன், என் கலியாணச் சேலையில கிழிச்சது. எதை மறந்தோம்னு அவகிட்டப் போயிக் கேக்காதீங்க.

உங்க ஊட்டுக்காரி