பட்டியலில் நான் அடித்த பெயர்

இயேசு மரி சூசை துணை

அன்பு மகன் பிரிட்டோவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம் என்று முதல் வரியில் எழுதினால்தான் நீ மிச்சத்தைப் பதறாமல் படிப்பாய், ஆகவே சுகம். கத்தாரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க மாதாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஃபோன் இருக்கையில் கடிதம் எதற்கு என்பாய். ஃபோனில் நான் வாயைத் திறந்தாலே சரிம்மா சரிம்மா என்று நடுவில் வெட்டிவிடுகிறாய், இது வெட்டாமல் கேட்க வேண்டிய சங்கதி. ஆவூரிலிருந்து அங்கே திரும்புகிற பொற்கொடியின் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன்.

இங்கே ஐப்பசி மழை பரவாயில்லை, நடவு முடிந்தது, அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். வடக்கே எங்கோ ஜெபக்கூட்டத்தில் புகுந்து அடித்த செய்தி டிவியில் ஓடியிருக்கிறது, சும்மாவா அடிப்பாங்க, வீட்டுக்கு வீடு மதம் மாத்தப் போனா அடிக்கத்தான் செய்வாங்க என்று அப்பா காதுபடச் சொல்லியிருக்கிறார் நம்ம ஊர் நிலவழகன். கூட இருந்தவர்களில் ஒருத்தர்கூட ஏன்ப்பா இப்படிப் பேசுறே என்று கேட்கவில்லையாம். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தவர்தான், அந்தப் பக்கம் திரும்பவில்லை. அன்றைக்குப் பார்த்து நீயும் அதே வீடியோவை அனுப்பி, எல்லாரும் உள்ளுக்குள்ள இப்படித்தாம்மா, நம்ம தெருவுலயும் சூதானமா இருங்க என்று பேசி அனுப்பினாய். அதை நான் எத்தனை தடவை போட்டுப் போட்டுக் கேட்டேன் தெரியுமா.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. நோட்டு என் கையில்தான் இருந்தது. செபமாலை மாதம் முழுக்க மாதா சுரூபம் ஒரு நாளைக்கு ஒரு வீடாகப் போகும், நம் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடுகிற அன்பியத்தில் எந்த நாள் எந்த வீடு என்று எழுதுவது நான்தானே. அமிர்தவல்லி மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவள், ஆனாலும் ரெண்டாங்கிளாஸில் உன்கூடப் படிக்கையில் அவள் மகன் கோபிநாத் மஞ்சள்காமாலை வந்து, அவள் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு பிழைத்தானே, அதிலிருந்து இருபது வருடமாக மாதா அவள் வீட்டில் இறங்காமல் போனதில்லை. இந்த வருடம் அந்தப் பெயரை நான் அடித்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, கோபிநாத்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாதாவைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கும்போது கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது என்று நானாகப் பயந்து, கேட்காமலே அடித்தேன். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

வருடா வருடம் மூன்றாம் சனிக்கிழமை அவள் வீடு, அவளுக்கு எந்த நோட்டும் வேண்டாமே. பாட்டுப் பாடிக்கொண்டு போகிறோம், அவள் வாசலைக் கழுவிக் கோலம் போட்டு, சர்க்கரைப் பொங்கல் வைத்து, கையில் மல்லிகைச் சரத்தோடு நிற்கிறாள். நாங்கள் அவளைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குத் திரும்பினோம். ஏண்டி செங்கோலு, எங்க வீட்டுக்கு வழி மறந்துருச்சா என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நான் பாவி என்ன சொன்னேன் தெரியுமா, இல்லக்கா, காலம் கெட்டுக் கெடக்கு, ஒங்களுக்கு எதுக்குச் சங்கடம்னுதான் என்றேன். ஒனக்கு என்றுதான் அவளிடம் பேசிப் பழக்கம், அன்றைக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததோ. அவள் முகம் செத்துப்போனது. ஒங்களுக்குன்னா யாருக்குடி என்று கேட்டாள். சரத்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எனக்குச் செபம் வரவில்லைடா. மணியை உருட்டுகிறேன், வாய் சொல்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. அடிக்கிறவர்களுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று பூசையில் சாமியார் சொன்னார். முகம் தெரியாதவனுக்காக வேண்டுவது லேசு. எனக்காக நான் எப்படி வேண்டுவது? இன்னும் எதுக்கும்மா கோயிலு என்று போன மாதம் கேட்டாயே, அன்றைக்கு என்னிடம் பதில் இருந்தது, பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். இப்போது தேடினால் கிடைக்கவில்லை.

மாதம் முடிகிற அன்று, தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாக, மாதாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூறலில் தனியாக அவள் வீட்டுக்குப் போனேன். கதவைச் சாத்தவில்லை பிரிட்டோ. கோபிநாத் எழுந்து நாற்காலி போட்டான். அவள் விளக்கேற்றினாள், பூ வைத்தாள், விழுந்து கும்பிட்டாள், எனக்குக் காப்பி கொடுத்தாள். தப்புப் பண்ணிட்டேன்க்கா என்று அழுதேன், அதெல்லாம் ஒண்ணுமில்ல என்றாள். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் நுழையும்போது என்னை வாங்க என்றாள். உட்காருங்க என்றாள். வாடி போடி என்று பேசிய வாய். கிளம்பும்போது தரை வழுக்கும், பார்த்துப் போங்க என்றாள். கதவைச் சாத்தியிருந்தால் மறுநாளும் போய்த் தட்டியிருப்பேன். திறந்து வைத்து வாங்க என்கிறவளிடம் எதைத் தட்டுவது?

ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும், உன் நெற்றியில் சிலுவை போட்டதாக வைத்துக்கொள். வெயிலில் தலையில் துணி கட்டாமல் நிற்காதே. எனக்குச் செபம் வரவில்லை என்பதற்காக நீ வெள்ளிக்கிழமைப் பூசையை விட்டுவிடாதே, ஒருவராவது சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கோபிநாத்துக்கு ஒரு ஃபோன் போடு. இதைப் பற்றி ஒன்றும் பேசாதே, சும்மா எப்படி இருக்கே என்று கேள். அவன் உன்னைச் சொல்லுடா என்கிறானா, சொல்லுங்க என்கிறானா, அதை மட்டும் எனக்குச் சொல்.

உன் அம்மா
செங்கோல்மேரி சவரியப்பன்