வாயில்லாத பிஸ்கட் மனிதர்கள்

ஸாக்ரெப்,
5 டிசம்பர் 1983

மதிப்பிற்குரிய தோன்கா அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் யாரென்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் தகர டப்பாவின் மேல் எழுதியிருந்த விலாசத்தில் இப்போது நானும் என் கணவரும் குடியிருக்கிறோம். பார்தோல் என்பவர் இரண்டு மாதத்துக்கு முன்பே வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தபால்காரர் மூச்சு வாங்க ஏறி வந்து, "இதத் திரும்பத் தூக்கிட்டு எறங்க என்னால ஆகாதும்மா, நீயே வச்சுக்க" என்று கையில் திணித்துவிட்டுப் போனார்.

சில நாள் மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிராம்பும் தேனும் கலந்து ஒரு வாசனை. காப்பித்தூளுக்கே எல்லை தாண்டி இத்தாலியின் திரியெஸ்தே வரை போகவேண்டியிருக்கிற இந்தக் குளிர்காலத்தில், அந்த வாசனையை வீட்டில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. திறந்துவிட்டேன். ஒன்றைக் கடித்தும் விட்டேன். பல் தப்பியதே பெரிய விஷயம். "யாரோ கூரை ஓடு அனுப்பியிருக்காங்க, பத்திரமா எடுத்து வை" என்கிறார் என் கணவர்.

மன்னிக்க வேண்டும். ஆனால் மன்னிப்புக் கேட்க மட்டும் இதை எழுதவில்லை. உள்ளே இருப்பவை எல்லாம் ஆண் பொம்மைகள். வெள்ளைச் சர்க்கரையில் கண் இருக்கிறது, மூக்கு இருக்கிறது, மீசை இருக்கிறது, சட்டைப் பொத்தான்கூட இருக்கிறது. ஒருவருக்கும் வாய் இல்லை. நான் ஜவுளி ஆலையில் துணியில் பிழை பார்க்கிற வேலை செய்கிறேன். கைதவறி விட்டதற்கும் வேண்டுமென்றே விட்டதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். ஏன் அம்மா இவர்களுக்கு வாய் இல்லை? இது தெரியாமல் எனக்கு வேலையே ஓடவில்லை.

தங்கள் அன்பை நாடும்,
நெவென்கா

*

ஸ்தாரி கிராத், ஹ்வார் தீவு,
13 டிசம்பர் 1983

நெவென்கா பெண்ணே,

அடுத்தவர் டப்பாவைத் திறந்ததுமில்லாமல் குறை வேறு கண்டுபிடிக்கிறாய். கூரை ஓடாம். மிளகு பிஸ்கட்டை வந்த அன்றைக்கே யாராவது கடிப்பார்களா? டப்பாவுக்குள் ஓர் ஆப்பிள் துண்டைப் போட்டு மூடி வை. கிறிஸ்துமஸுக்குள் மெத்தென்று ஆகிவிடும். அப்போது தின்று பார். முதலில் தேன், பிறகு குங்குமப்பூ, எல்லாம் இறங்கின பிறகு தொண்டையில் மிளகு. உன் கணவருக்குக் கொடுக்காதே.

வாய் விஷயத்துக்கு வருகிறேன். பார்தோல் என் தம்பி. என்னோடு பேசி முப்பது வருடம் ஆகப்போகிறது. எங்கள் ஊரில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளையின் அக்காதான் மாப்பிள்ளை பொம்மையும் மணப்பெண் பொம்மையும் இந்த மாவில் செய்து விருந்து மேசையின் நடுவில் வைக்க வேண்டும். நானும் செய்தேன். பாவாடை மடிப்பைக்கூட ஊசியால் கீறி எடுத்தேன். ஆனால் மாவில் சோடா கொஞ்சம் கூடிப்போயிற்று. மாப்பிள்ளை ஒழுங்காக வெந்தான். மணப்பெண்ணுக்கு அடுப்புக்குள் வயிறு உப்பிக்கொண்டது. வேறு செய்ய நேரமில்லை. சர்க்கரையில் ஒரு பெரிய பூங்கொத்து வரைந்து வயிற்றை மறைத்து மேசையில் வைத்தேன். மறைத்ததுதான் இன்னும் எடுப்பாகத் தெரிந்ததாம்.

மணப்பெண் டானிட்சா அப்போது உண்மையிலேயே முழுகாமல் இருந்தாள். சத்தியமாக எனக்குத் தெரியாது. யாரோ சிரித்தார்கள், பிறகு மேசை முழுக்கச் சிரித்தது. அவள் அழுதுகொண்டே எழுந்து போனாள். பார்தோல் என்னிடம் வந்து, "ஊரு கூடி சிரிக்கட்டும்னுதானே செஞ்ச? இனி உங்கூட எனக்குப் பேச்சே கிடையாது" என்றான். மறுநாள் கப்பலில் இருவரும் போய்விட்டார்கள்.

விளக்கி எழுதிய கடிதங்கள் பிரிக்காமலே திரும்பி வந்தன. கிறிஸ்துமஸுக்கு ஒரு டப்பா அனுப்பிப் பார்த்தேன். அது திரும்பி வரவில்லை. அன்றுமுதல் வருடா வருடம் அனுப்புகிறேன். உள்ளே ஒரு வரி எழுதி வைக்கலாம்தான். அதைப் பார்த்துவிட்டு டப்பாவும் திரும்பிவிட்டால் என்ன செய்வது என்று பயம். அதனால் என் கோபத்தையும் பிஸ்கட்டிலேயே சொன்னேன். என்னோடு பேசாதவனுக்கு வாய் எதற்கு? என்றைக்குப் பேசுகிறானோ அன்றைக்கு வைக்கிறேன்.

இப்போது அவன் எங்கே போனான்? விலாசம் தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதில் நீ கெட்டிக்காரி என்று தெரிகிறது. அந்த மூக்கைக் கொஞ்சம் எனக்காகவும் நுழைத்துப் பார்.

தோன்கா

*

ஸாக்ரெப்,
3 ஜனவரி 1984

அன்புள்ள தோன்கா அக்கா,

புத்தாண்டு வாழ்த்துகள். அக்கா என்று கூப்பிட நீங்கள் அனுமதி கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். ஆப்பிள் துண்டு வேலை செய்தது. ஓடு என்று சொன்னவர் ஒரு பொம்மையைத் திருடித் தின்றுவிட்டார், அவருக்காகவும் மன்னிப்பு.

கண்டுபிடித்துவிட்டேன். கீழ்வீட்டுக்காரியிடம் கேட்டேன், அவள் சொன்ன ரொட்டிக் கடையில் விசாரித்தேன், கடைசியில் மக்ஸிமிர் பூங்கா பக்கம் தரைத்தளத்து வீடு ஒன்றில் போய் நின்றேன். கதவைத் திறந்தது டானிட்சா. டப்பாவைப் பார்த்ததும், "நாத்தனாரோட திட்டு இந்த வருஷம் லேட்டா வருதேன்னு பாத்தேன்" என்றார்.

அக்கா, இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, நேராகவே எழுதிவிடுகிறேன். கோடையில் உங்கள் தம்பிக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது. வலது கை, வலது கால் வராது. பேச்சு போய்விட்டது. மாடி ஏற முடியாது என்றுதான் வீடு மாற்றியிருக்கிறார்கள். காது நன்றாகக் கேட்கிறது, எல்லாம் புரிகிறது. ஒரு சொல்கூட வெளியே வருவதில்லை.

டப்பாவைத் திறக்கவே எனக்குக் கை வரவில்லை. டானிட்சாதான் திறந்து, வாயில்லாத மனிதனை எடுத்து உங்கள் தம்பியின் மடியில் வைத்தார். "வருஷா வருஷம் இவரு கால்லேருந்து தின்பாரு, தலைய மட்டும் எனக்குத் தருவாரு. 'இவ செஞ்ச மூஞ்சியில முழிக்க எனக்குப் பிடிக்கல'ன்னுவாரு. ஆனா ஒரு துண்டு கீழ விழ விடமாட்டாரு" என்றார் டானிட்சா.

நான் சோடா கதையைச் சொன்னேன். கேட்காமல் சொன்னது தப்பென்றால் திட்டுங்கள். டானிட்சா முதலில் நம்பவில்லை. "எங்கம்மாகிட்டகூட நான் சொல்லல. இவருகிட்ட மட்டும்தான் சொன்னேன். இவரு அக்காகிட்ட உளறிட்டாருன்னு பல வருஷம் இவரோட சண்டை போட்டிருக்கேன்" என்றார். பிறகு மெதுவாக, "அப்ப அடுப்புக்குத்தான் மொதல்ல தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பார்தோலின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து எழுந்து போனேன். இல்லை, அவரும் சிரிக்கிறார். முகத்தில் பாதிதான் சிரிக்கிறது, அதனால் எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு இடது கையால் பொம்மையைக் காட்டி, தன் வாயைக் காட்டி, சமையலறையைக் காட்டினார். பசிக்கிறதா என்று கேட்டால் தலையை ஆட்டி மறுத்தார். தண்ணீரும் இல்லை. டானிட்சாவுக்குத்தான் கடைசியில் புரிந்தது. முட்டை வெள்ளையில் சர்க்கரையை அடித்துக் கிண்ணத்தில் கொண்டுவந்து, ஒரு தீக்குச்சியும் கொடுத்தார். இடது கை என்பதால் நடுங்கியது. ஒரு தடவை பொம்மையின் தாடையெல்லாம் அப்பிவிட்டு, துடைத்துவிட்டு மறுபடி செய்தார். எங்கள் இருவரையும் கிட்டவே விடவில்லை.

அதைப் பஞ்சில் சுற்றி இத்துடன் அனுப்புகிறேன். பத்திரமாகத் திறங்கள்.

உங்கள்,
நெவென்கா

*

ஸ்தாரி கிராத்,
11 ஜனவரி 1984

அன்புள்ள நெவென்கா,

வந்து சேர்ந்தது. ஒரு கால் உடைந்துவிட்டது, முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். இந்த வருடம் நான் மாவு பிசைந்தபோதே அவனுக்குப் பேச்சு போயிருக்கிறது. அது தெரியாமல் வாயில்லாத மனிதர்களைச் செய்து, மீசைக்குச் சுருள் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கல்யாணத்தில் வயிற்றைச் செய்ததும் தெரியாமல்தான். என் கைக்கு என்ன சாபமோ.

வாயைக் கோணலாக வரைந்திருக்கிறான். பள்ளிக்கூடத்திலும் கோடு நேராக வராது, அடி வாங்குவான். ஆனால் மூடின வாயாக வரையவில்லை, பார்த்தாயா? திறந்திருக்கிறது. நான் முப்பது வருடமாகக் காத்திருந்த சொல் என்னவாக இருக்கும் என்று ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறேன். "அக்கா" என்று ஆரம்பிப்பானா, "ஏய்" என்று ஆரம்பிப்பானா என்று. வாயை அந்த அளவு திறந்தால் "அக்கா"தான் வரும். "ஏய்"க்கு உதடு அகலும். நீ சிரிக்காதே, நானே சொல்லிப் பார்த்தேன், கண்ணாடி முன்னால் நின்று.

அடுத்த வார வெள்ளிக்கிழமைக் கப்பலில் ஸ்ப்லித் வந்து, அங்கிருந்து ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வா. தடித்த கிழவி, கையில் டப்பா, அதுதான் அடையாளம். பொம்மையை நான் தின்னவில்லை. ஆப்பிள் துண்டோடு மூடி வைத்திருக்கிறேன். அவன் எதிரில் உட்கார்ந்து, தலையிலிருந்து தின்னப் போகிறேன்.

டானிட்சாவிடம் முன்னாலேயே ஒன்று கேட்டு வை. அன்றைக்குக் கெட்டுப்போன மணப்பெண் பொம்மையைத் திரும்பச் செய்து கொண்டுவருகிறேன், வாங்கிக்கொள்வாளா? சோடாவை அளந்துதான் போடுவேன். அப்படியும் அடுப்பு ஏதாவது சொன்னால், இந்தத் தடவை எல்லாரும் சேர்ந்தே சிரிக்கலாம்.

அன்புடன்,
உன் தோன்கா அக்கா